வாத்தியார் அரசியலுக்கு வந்தால் ஊருக்கு என்ன கிடைக்கும்? டெல்டா நண்பர்கள் சொல்லுங்கள்

குடமுருட்டிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் இந்த மே மாதத்தோடு பணி ஓய்வு பெற்றார். எங்கள் தெருவில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். நடவு நேரத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வராவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்கே போய்விடுவார். வரப்பில் நின்று தாய் தகப்பனிடம் பேசி, பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருவார். அப்படி வந்தவர்களில் ஒருத்தி இன்று திருவாரூரில் செவிலியராக இருக்கிறாள்.

ஊராட்சித் தேர்தல் எப்போது அறிவித்தாலும் அவரைத் தலைவருக்கு நிறுத்த வேண்டும் என்று ஊரில் இளைஞர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இதற்கு நடுவில் ஒரு கட்சியிலிருந்து ஆள் வந்து, ஒன்றியக் கவுன்சிலருக்கு நில்லுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சார் என்னைக் கூப்பிட்டு, "நாலு பேரிடம் விசாரித்துச் சொல்லுப்பா, எனக்கு இது ஒன்றும் தெரியாது" என்றார்.

சட்டப்படி அவர் நிற்கலாமா என்பது முதல் கேள்வி. நம் பக்கத்தில் ஆசிரியராக இருந்து அரசியலுக்குப் போனவர்கள் என்ன சாதித்தார்கள் என்பது இரண்டாவது. நல்ல வாத்தியார் நல்ல தலைவராக இருப்பாரா என்பது மூன்றாவது. தெரிந்தவர்கள் மனம்விட்டு எழுதுங்கள்.

---

ஓய்வூதியப்பிரிவு எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

பணியில் இருக்கும்வரை அரசுப் பள்ளி ஆசிரியர் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சி வேலைக்கும் தேர்தலுக்கும் இடம் கொடுக்கவில்லை. பணி முடிந்துவிட்டால் தடை இல்லை. ஓய்வூதியம் வாங்குவதும் தடை ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆசிரியர்களுக்குக் கல்வியாண்டு முடியும்வரை மறுநியமனம் கொடுப்பது உண்டு. அப்படி எதிலாவது அவர் இருந்தால் அது முடியும்வரை அரசுச் சம்பளக்காரர்தான். உங்கள் சார் மே மாதத்தோடு ஓய்வு என்கிறீர்கள், அதனால் சிக்கல் இருக்காது. இருந்தாலும் உத்தரவைப் பார்த்துவிடுங்கள்.

பணியில் இருக்கும்போதே அரசியலுக்கு வர நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. விருப்ப ஓய்வுக்கு 20 ஆண்டு தகுதியுள்ள பணி அல்லது 50 வயது வேண்டும், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். 1.4.2003க்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தவர்கள். பழைய ஆசிரியர்களைப் போல ஓய்வூதியம் இருக்கிறது என்று எண்ணி, இப்போதைய விதியைப் பார்க்காமல் வேலையை விட்டுவிட முடியாது. வேலையை விடுமுன் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

---

வலங்கைமான்வாசி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு எங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். வலங்கைமானில் 1869ல் பிறந்தவர் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு ஆசிரியர் வேலைக்குப் போனார். சேலம் நகராட்சிக் கல்லூரியில் இருந்தார், அப்புறம் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். 1907ல் அந்த வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். கோகலே 1915ல் மறைந்ததும் அதன் தலைவரானார். சென்னை மாகாண சட்டசபை, அடுத்து டெல்லியில் பேரரசு சட்டசபை. 1919ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து அங்கே அவர் பேசிய பேச்சைத்தான் பெரும்பாலும் எல்லோரும் சொல்வார்கள். வெள்ளி நாவினர் என்று அவருக்குப் பெயர்.

ஆனால் அவர் தலைமையாசிரியராக இருந்தபோது செய்த ஒரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. 1904ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். சாதாரண சம்பளக்காரன் அரிசி, பருப்பு, எண்ணெயை நியாய விலையில் வாங்க ஒரு கடை. இன்று வரை அந்தச் சங்கம் இருக்கிறது. பதவி எதுவும் இல்லாமல், பள்ளிக்கூடத்தை நடத்திக்கொண்டே ஒரு ஆசிரியர் பொதுக்காரியத்தில் எங்கே கைவைத்தார் என்று பாருங்கள். வரவு செலவை எழுதி, பங்குதாரர் முன் வைத்து, கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டிய இடம் அது.

1927ல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முகவராகப் போனார். அங்கே கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் தஞ்சாவூர்ச் சீமைக்காரர்கள் ஏராளம். தில்லையாடி வள்ளியம்மையின் பெற்றோர் நம் ஊர்க்காரர்கள்தானே. அந்த மக்களின் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் வேண்டும் என்று டர்பனில் கல்லூரி எழுப்பப் பாடுபட்டார். அது சாஸ்திரி கல்லூரி என்றே பெயர் பெற்றது. 1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். எங்கே போனாலும் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய் நின்ற மனிதர்.

---

காட்டூரான் எழுதியது:

சாஸ்திரியைச் சொன்னவர் 1940ல் சென்னை மாகாண அரசு அமைத்த கலைச்சொல் குழுவையும் சொல்லியிருக்கலாம். அதற்கும் அவர்தான் தலைவர். வடமொழிச் சொற்களுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள் என்று தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பெரிய ஆசிரியர் என்பதற்காக அவர் எடுத்த எல்லா முடிவையும் ஏற்க வேண்டியதில்லை.

டெல்டாவில் ஆசிரியர் அரசியல் என்றால் என் மனதில் முதலில் வருபவர் பேராசிரியர் க. அன்பழகன். திருவாரூர் பக்கம் காட்டூரில் 1922 டிசம்பர் 19 அன்று பிறந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படித்தார். 1944 முதல் 1957 வரை சென்னை பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளர். 1957ல் தி.மு.க. முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தலில் இறங்கியபோது எழும்பூரில் நின்று ஜெயித்தார். அன்று உள்ளே போனவர்கள் 15 பேர்தான்.

அந்த 1957 முடிவை இன்று உட்கார்ந்து யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. கல்லூரி வேலை என்பது மாதச் சம்பளம், மரியாதை, ஓய்வுக்காலம் வரை நிம்மதி. கட்சியோ அதுவரை ஒரு பொதுத்தேர்தலைக்கூடச் சந்தித்திருக்கவில்லை. ஆட்சிக்கு வரும் என்று சொல்ல யாராலும் முடியாது. அப்படி ஒரு நேரத்தில் வேலையை விட்டுவிட்டு வந்தவர். இன்று ஓய்வு பெற்றபின் கட்சியில் சேர்ந்து சீட்டு கேட்பவர்களோடு இதை ஒப்பிட முடியாது.

அப்புறம் சட்ட மேலவை, 1967ல் திருச்செங்கோடு நாடாளுமன்றத் தொகுதி, 1971 முதல் 1976 வரை மக்கள் நல்வாழ்வுத் துறை. 1977லிருந்து 2020 மார்ச் 7 அன்று மறையும்வரை கட்சியின் பொதுச்செயலாளர். 1983ல் ஈழத் தமிழர் பிரச்சினைக்காகச் சட்டமன்ற உறுப்பினர் பதவியைக் கலைஞரோடு சேர்ந்து துறந்தார். கல்வித்துறை இரண்டு தடவை, 1989லும் 1996லும். 2006 முதல் 2011 வரை நிதியமைச்சர்.

1999ல் நர்சரி, மெட்ரிக் பள்ளிகளிலும் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் அல்லது தாய்மொழியில் பாடம் நடத்த வேண்டும் என்று அரசாணை வந்ததே, அது அவர் கல்வியமைச்சராக இருந்த காலம். 2000ல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், அதிகாரம் கைக்கு வந்தபின் தமிழ்வழிக் கல்விக்கு ஆணை போட்டும் அது நிற்கவில்லை. வகுப்பறையில் சொன்னால் நடந்துவிடும், அரசாங்கத்தில் அப்படி நடக்காது. உங்கள் சாருக்கும் இதைச் சொல்லுங்கள். ஊராட்சி என்றாலும் இதே கதைதான்.

அமைச்சரான பிறகும், நிதித்துறையைப் பார்த்தபோதும், எதிர்க்கட்சியாக இருந்தபோதும் ஜனங்கள் அவரைப் பேராசிரியர் என்றே கூப்பிட்டார்கள். சென்னையில் பள்ளிக்கல்வி இயக்கக வளாகத்துக்கு இன்று அவர் பெயர்.

---

கீவளூர்செல்வி எழுதியது:

காட்டூரான் அண்ணனும் வலங்கைமான்காரரும் எழுதியதை முழுசாகப் படித்தேன். பெரிய மனிதர்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்ட தம்பிக்கு இது உதவுமா என்று யோசியுங்கள்.

சாஸ்திரி காலத்தில் சட்டசபைக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? சொத்து வைத்திருந்தவர்கள், வரி கட்டியவர்கள், படித்தவர்கள். வலங்கைமானில் ஏர் ஓட்டியவனிடம் போய் அவர் ஓட்டுக் கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. பேராசிரியர் நேராக மக்களிடம் நின்றவர்தான், 2011ல் 88 வயதில் வில்லிவாக்கத்தில் தோற்கும்வரை நின்றார். ஆனால் அவர் நின்ற சட்டமன்றத் தொகுதிகளெல்லாம் சென்னையில். பிறந்த மண்ணில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் நிற்பது வேறு கதை.

ஊராட்சியில் தெரு இருக்கிறது. தலித் கூலிக் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த வெண்மணி நடந்த மண் இது. 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர் போன இடத்திலிருந்து அதிக தூரத்தில் நான் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சத்துணவு சாப்பிட்ட பிள்ளைகள் சாயங்காலம் மணி அடித்ததும் அவரவர் தெருவுக்குப் பிரிந்துவிடுகிறார்கள். வாத்தியார் அந்தப் பிரிவைப் பார்க்காமல் ஓய்வு பெற்றுவிடலாம். தலைவர் பார்த்தே ஆக வேண்டும். தெருவிளக்கு எந்தத் தெருவில் முதலில் போடுவது, குடிநீர்க் குழாய் எந்த முனையில் நிற்கிறது, சுடுகாட்டுப் பாதை யார் பட்டா வழியாகப் போகிறது, இதெல்லாம் தெரு விவகாரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பது வருடம் தான் பேசி மற்றவர்கள் கேட்டே பழகியவர்கள் ஆசிரியர்கள். கிராமசபையில் எழுந்து நிற்பவரை "நீ உட்காருடா, உனக்கு என்ன தெரியும்" என்று சொன்ன ஒரு தலைவரை நான் பார்த்திருக்கிறேன், அவரும் முன்னாள் ஆசிரியர். கேட்டவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். சின்ன வயதில் அவரிடம் படித்தவராம், அதனால் இன்னும் பையன்தானாம். அதோடு அந்தத் தெருவிலிருந்து யாரும் கிராமசபைக்கு வருவதையே விட்டுவிட்டார்கள்.

---

பூண்டிபழையமாணவன் எழுதியது:

பூண்டி துளசி அய்யா வாண்டையாரை விட்டுவிட்டீர்கள். 1956ல் தொடங்கிய ஸ்ரீ புஷ்பம் கல்லூரியைக் காலமெல்லாம் கட்டிக் காத்தவர். 1991 முதல் 1996 வரை தஞ்சாவூர் காங்கிரஸ் எம்.பி.யாகவும் இருந்தார். அவர் வகுப்பெடுத்த ஆசிரியர் அல்ல, கல்லூரி நடத்தியவர். ஆனால் சாலியமங்கலம், அம்மாபேட்டை, நீடாமங்கலம் பக்கம் விவசாயக் குடும்பத்தில் முதல் பட்டதாரி யார் என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் பூண்டியைச் சொல்வார்கள். நன்கொடை கேட்காமல் சீட்டுக் கொடுத்தார்கள் என்பதை எங்கள் வீட்டில் இன்றும் நன்றியோடு பேசுகிறோம். எம்.பி.யாக இருந்த ஐந்து வருடத்தைவிட அந்தக் கல்லூரிதான் அவர் பெயர் சொல்கிறது.

---

நீடாமங்கலம்ஜங்ஷன் எழுதியது:

செல்வி அக்கா சொன்னதற்கு நேர் எதிராக நான் பார்த்த ஒன்றை எழுதுகிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒரு ஊராட்சி. தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்.

கிராமசபையில் படிவம் 30 என்று ஒன்று வைக்க வேண்டும். ஊராட்சியின் வரவு செலவு விவரம். பல ஊர்களில் அது ஒரு பிளக்ஸில் பொடி எழுத்தில் மரத்தடியில் தொங்கும், காற்றடித்தால் மடங்கிக்கொள்ளும், யாரும் படிக்க மாட்டார்கள். அல்லது ஊராட்சிச் செயலர் மூச்சு விடாமல் வாசித்துவிட்டு "அனைவரும் ஏற்றுக்கொண்டதாகத் தீர்மானம்" என்று முடித்துவிடுவார். இவர் பள்ளிக்கூடத்திலிருந்து கரும்பலகையைத் தூக்கிவரச் சொன்னார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. வீட்டு வரி இவ்வளவு, குடிநீர்க் கட்டணம் இவ்வளவு, மாநில நிதிக்குழு மானியம் இவ்வளவு என்று சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றாக எழுதி, எழுதியதை உரக்கச் சொன்னார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, "இதுல கேள்வி இருக்கா?" என்று கேட்டார்.

தெருவிளக்குச் செலவு வந்தபோது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். "சார், இத்தனை பல்பு வாங்கினதா சொல்றீங்க. எங்க தெருவுல மூணு கம்பம். மூணுலயும் மூணு மாசமா எரியலை. வாங்கின பல்பு எங்க இருக்கு?" என்றார். கூட்டம் அமைதியாகிவிட்டது. தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் பதிவேட்டைப் புரட்டினார். வாங்கிய விளக்குகளில் எத்தனை மாட்டியாயிற்று, எந்தக் கம்பத்தில் என்று பதிவு இல்லை. தலைவர் கரும்பலகையில் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "இதுக்கு இப்ப எங்கிட்ட பதில் இல்லைம்மா. கம்பம் வாரியா எழுதி அடுத்த வெள்ளிக்கிழமை ஊராட்சி மன்ற வாசல்ல ஒட்டுறேன், வந்து சரிபாருங்க" என்றார். ஒட்டினார். உள்ளதை உள்ளபடியே எழுதியிருந்தார். மாட்டாத விளக்குகள் எந்த அறையில் கிடந்தன என்பது உட்பட.

அந்தக் கேள்விக்குறிதான் என் மனதில் நிற்கிறது. வகுப்பில் பதில் தெரியாத கேள்வியைத் தள்ளாமல் பலகை ஓரத்தில் எழுதி வைக்கும் ஆசிரியர்கள் உண்டு. அந்தப் பழக்கத்தோடு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தால் ஊர் பேச ஆரம்பிக்கும். அதற்கப்புறம் அந்த ஊர் கிராமசபைக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பேச்சாற்றல், பட்டம், கட்சிச் செல்வாக்கு எல்லாம் அப்புறம். உங்கள் சாரைக் கேள்வி கேட்டால் அவருக்குக் கோபம் வருமா வராதா என்று மட்டும் பாருங்கள், தம்பி.

---

மாயவரத்துக்காரி எழுதியது:

என் அப்பா ஆசிரியர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊராட்சித் தலைவருக்கு நின்று ஜெயித்தவர். இப்போது அப்பா இல்லை. அவரைப் பற்றிப் பொதுவில் எழுதுவது இதுதான் முதல் தடவை, ஆனால் இந்த இழையைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அப்பாவை ஜெயிக்க வைத்தவர்கள் அவருடைய மாணவர்கள். வீடு வீடாகப் போனார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. சிரமம் அங்கேயேதான் தொடங்கியது. சாலை வேலை எடுத்த ஒப்பந்தக்காரர் மாணவர். லாரி வைத்து மணல் ஓட்டியவர் மாணவர். குளத்துக் கரையில் கொட்டகை போட்டவரும் மாணவர். ராத்திரி பத்து மணிக்குத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "சார், நீங்க போட்ட சோறு" என்று ஆரம்பிப்பார்கள். வெளி ஆளாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். பத்து வயதில் சட்டையில் பொத்தான் இல்லாமல் வந்த பையன் இன்று பெரிய ஆளாகி எதிரில் நிற்கும்போது அப்பாவால் சட்டென்று முகம் திருப்ப முடியவில்லை.

ஒரு சிமெண்ட் சாலைக்குச் செலவுப் பட்டியல் (பில்) வந்தது. போட்ட சாலை அளவுக்கும் பட்டியலில் இருந்த அளவுக்கும் பொருந்தவில்லை. அப்பாவே டேப்பைப் பிடித்து அளந்தார், மறுமுனையைப் பிடித்தது நான். கையெழுத்துப் போட மறுத்தார். ஊராட்சிக் கணக்கில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். துணைத் தலைவர் அந்தப் பக்கம். மாதக்கணக்கில் எந்தப் பட்டியலும் நகரவில்லை. குடிநீர்த் தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் சம்பளம் நின்றது. அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். தப்பான கையெழுத்தைப் போடாததற்குத் தண்டனை ஊரிலேயே குறைந்த சம்பளம் வாங்கியவர்களுக்குப் போனதுதான் அப்பாவை உடைத்தது. அம்மா வளையலை அடகு வைத்து அவர்களில் இரண்டு பேருக்குக் கொடுத்தார்.

கடைசியில் சாலையை மறுபடி அளந்து பட்டியலைக் குறைத்தார்கள். அந்த மாணவர் அப்பா சாவுக்கு வரவில்லை.

நிற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதையெல்லாம் வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து பேசி, ஒத்துக்கொண்ட பிறகு நிற்கச் சொல்லுங்கள். தேர்தல் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டாம், மாணவனிடம்கூட. முக்கியமாக மாணவனிடம்.

---

வெண்ணாற்றான் எழுதியது:

சகோதரி, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. உங்கள் அப்பா மாதிரி ஆட்கள் இருந்ததால்தான் சில ஊர்களில் சாலை சாலையாக இருக்கிறது.

நான் விவசாயி. எனக்குப் பட்டது இது. ஊராட்சியால் எது முடியும், எது முடியாது என்று சார் நிற்பதற்கு முன்பே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும். மேட்டூர் ஜூன் 12ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராவிட்டால் முதல் ஆளாகத் திட்டு வாங்குபவர் ஊராட்சித் தலைவர். ஆறும் பெரிய வாய்க்காலும் நீர்வளத் துறையிடம். கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் என்று மூட்டையை நிறுத்தினால் அதிலும் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. அவரால் முடிந்தது ஊர்க் குளம், சின்னக் கன்னி வாய்க்கால்களில் நூறு நாள் வேலை, குடிநீர், விளக்கு, குப்பை, உள் சாலை. அதோடு மனு எழுதுவது. அந்த மனுவைச் சரியாக எழுதத் தெரிந்த ஆள் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எந்தத் துறைக்கு, எந்த வாய்க்கால், மதகு எண் என்ன, எத்தனை ஏக்கர் காய்கிறது என்று எழுதிக் கொடுத்தால் அதிகாரியால் தட்டிக்கழிக்க முடியாது. இது வாத்தியாருக்கு இயல்பாக வரும்.

---

ஓய்வூதியப்பிரிவு எழுதியது:

இடையில் ஒரு தகவல். முன்பு ஆசிரியர்கள் சட்டமன்றம் போக இன்னொரு வழி இருந்தது, இளைய நண்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. அரசியலமைப்புச் சட்டம் 171ஆம் பிரிவுப்படி மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடத்துக்கு ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புவார்கள். உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத இடத்தில் பாடம் நடத்துபவருக்குத்தான் அந்த ஓட்டு, தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கிடையாது. 1986 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் மேலவையே இல்லை. 2010ல் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சியும் ஆட்சி மாறியதும் நின்றது. அதனால் இப்போது ஆசிரியர் என்றாலும் தெருவில் இறங்கித்தான் ஓட்டுக் கேட்க வேண்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

---

குடமுருட்டிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் சாருக்கு வாசித்துக் காட்டினேன். மாயவரத்து அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். டீச்சரம்மாவையும் (அவர் மனைவி) கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார்.

கட்சிக்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல் கட்சிச் சின்னத்தில் நடப்பதில்லை, ஒன்றியக் கவுன்சிலர்தான் கட்சிச் சின்னம் என்று நான் விளக்கினேன். "அப்ப கீழே இருக்கறதுதான் நமக்கு" என்றார்.

செல்வி அக்கா எழுதியதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கீழத்தெருவுக்குப் போனார். அங்கே அவரிடம் படித்த ஒரு அக்கா வீட்டில் உட்கார்ந்து, நான் தலைவரானா உங்க தெருவுக்கு என்ன கெடுதல் நடக்கும்னு நெனக்கிறீங்க என்று கேட்டார். என்ன நல்லது என்று கேட்கவில்லை, என்ன கெடுதல் என்று கேட்டார். முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பாட்டி, "பள்ளிக்கூடத்துல எம் பேரனை முன்னாடி உட்கார வச்சீங்க. ஆனா கோயில் திருவிழா வரவு செலவுல எங்களை என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? நீங்களும் அந்தக் கமிட்டியில இருந்தீங்களே" என்றார். சார் முகம் மாறிவிட்டது. கோபம் இல்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அங்கிருந்து கிளம்ப இருட்டிவிட்டது.

தலைவருக்கு நிற்பதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் பக்கம் ஊராட்சி மன்றங்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அதன்பின் தனி அலுவலர் பொறுப்பில் விட்டார்கள். வரும் ஆகஸ்ட் 15 கிராமசபைக்குச் சாதாரண ஆளாகப் போய் உட்கார்ந்து ஊராட்சிக் கணக்கைக் கேட்கப் போகிறாராம். "முதல்ல நான் மாணவனா இருந்து பார்க்கிறேன், அப்புறம் மத்தது" என்கிறார். கீழத்தெருவிலிருந்தும் ஆட்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கிராமசபையில் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கீவளூர்செல்வி எழுதியது:

என்ன கெடுதல் நடக்கும் என்று போய்க் கேட்டாரா? தம்பி, அவரை நிற்கச் சொல்லுங்கள். அந்தத் திருவிழாக் கணக்கு விஷயத்துக்கு அவர் என்ன செய்தார் என்பதையும் பிறகு எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.

---

நீடாமங்கலம்ஜங்ஷன் எழுதியது:

கிராமசபைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை, எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

படிவம் 30ஐ முன்கூட்டியே பார்க்க முடியுமா என்று ஊராட்சிச் செயலரிடம் கேளுங்கள், நல்ல மனிதராக இருந்தால் காட்டுவார். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் ஆகும், அதனால் நாளைக்கே போட்டால் நல்லது. மொத்தக் கணக்கையும் கேட்டுக் குழம்ப வேண்டாம். விளக்கு, மோட்டார் பழுது, பிளீச்சிங் பவுடர், இந்த மூன்றை மட்டும் எடுங்கள். எல்லாத் தெருவுக்கும் தெரிந்த செலவு, கண்ணால் சரிபார்க்கக்கூடியது.

குறைவெண் வரம்பு உண்டு. 500 பேர் வரை மக்கள்தொகை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வர வேண்டும். ஆள் குறைவாக இருந்தும் கூட்டம் நடந்ததாக எழுதினால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் கவனம். வந்தவுடன் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு மேலே தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. வருகைப் பதிவில் போடுங்கள், ஆனால் தீர்மானப் பதிவேட்டில் தீர்மானங்களை எழுதி, உரக்க வாசித்த பிறகுதான் போட வேண்டும் என்று சார் கேட்கட்டும். அவர் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள். எழுதி முடித்த பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை ஒன்று கிடைக்குமா என்று பள்ளியில் இப்போதே சொல்லி வையுங்கள். ஆகஸ்ட் 15 அன்று காலையில் கொடியேற்றம் இருப்பதால் சாவி வைத்திருப்பவர் பள்ளியில்தான் இருப்பார்.